கூப்பிடு தூரத்துக் குன்றுகள்

பெருங்களத்தூர் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? உண்மையைச் சொல்லுங்கள். தீபாவளிக்கு முந்தின இரவு, ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் குழந்தை, தோளில் பட்சணப் பை சகிதம் சாலையோரம் நின்று, "மதுரை, மதுரை!", "திருச்சி, திருச்சி!" என்ற கூவலுக்கெல்லாம் ஓடி ஓடித் திரும்பினீர்களே, அதுதானே?

2023 டிசம்பர் 30-ஆம் தேதி கிளாம்பாக்கத்தில் புதிய பஸ் நிலையம் திறந்தார்கள். அந்தத் திருவிழாக் கூட்டத்தில் பெரும் பகுதி அங்கே குடிபோய்விட்டது. ஆனாலும் பெருங்களத்தூருக்கு விழுந்த முத்திரை போகவில்லை. அது 'புறப்படுகிற ஊர்'. யாராவது அதைச் சுற்றிப் பார்க்கப் போவார்களா?

எங்கள் எதிர்வீட்டு மாமியும் இதையேதான் கேட்டாள். மாமியின் பெண் அயர்லாந்து தேசத்தில் டப்ளின் நகரத்தில் இருக்கிறாள். வாரம் தவறாமல் செல்போனில் படங்கள் வந்து இறங்கும். பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் மேடுகள், பாழடைந்த மடாலயங்கள், கடலை எட்டிப் பார்க்கும் பாறைகள். அன்று வந்த படம் 'டாரா' என்னும் குன்று. அயர்லாந்தின் பழைய பேரரசர்களோடு அந்த ஊர்க் கதைகள் சேர்த்துச் சொல்லும் குன்று அது.

"பாரேன், என்னமா இருக்கு! நமக்கும் வாய்ச்சிருக்கே! இந்தப் பக்கம் ரயில், அந்தப் பக்கம் லாரி. ஏறி நின்று பார்க்க ஒரு மேடு உண்டா?" என்று மாமி பெருமூச்சு விட்டாள்.

அந்த டாரா குன்று கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று நினைக்கிறீர்கள்? சுமார் 500 அடி. அவ்வளவுதான்! அங்கே போகிறவர்கள் உயரத்துக்காகப் போகவில்லை. உச்சியில் நின்றால் நாலு திசையும் தெரிகிறது. நிற்கிற இடத்துக்கு ஒரு கதை இருக்கிறது. அதற்காகப் போகிறார்கள்.

"மாமி, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்தரை மணிக்குத் தயாராக இருங்கள். ஏறி நிற்க ஒன்றல்ல, நான்கு மேடு காட்டுகிறேன்" என்றேன்.

வாசக சகோதரிகளே, நீங்களும் கூடவே வாருங்கள். செலவு அதிகம் இல்லை. ரயில் டிக்கெட், கொஞ்சம் ஆட்டோ, ஒரு தூக்கில் புளியோதரை, ஒரு பாட்டிலில் மோர். இவை போதும்.

தேசத்தை அளந்த குன்று

பெருங்களத்தூரில் மின்சார ரயில் ஏறினோம். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-ல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அப்போது அது மீட்டர் கேஜ். அந்தச் சின்ன ரயில் 2004-ல் விடைபெற்றது. இன்று ஓடுவது அகலப் பாதை. மாமிக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது. அதுவே பாதி யாத்திரைப் பலன்.

பரங்கிமலையில் இறங்கி அடிவாரத்துக்குப் போனோம். மலை என்று பெயரே தவிர, சுமார் 300 அடிதான். நூற்று முப்பதுக்குச் சற்று மேற்பட்ட படிகள். முழங்கால் ஒத்துழைக்காதவர்களுக்கு மேலே வரை வண்டிப் பாதையும் இருக்கிறது. படிகளைக் கட்டிக் கொடுத்தவர் பெட்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி. பதினெட்டாம் நூற்றாண்டில் சென்னையில் செல்வம் சேர்த்த அவர், சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே ஒரு பாலமும் கட்டினார். எங்கிருந்தோ வந்தவர் நம் ஊருக்குப் படியும் பாலமும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்!

உச்சியில் போர்த்துக்கீசியர் கட்டிய மாதா கோயில். புனித தோமையர் இங்கே உயிர் நீத்தார் என்பது ஐதிகம். பழைய பாரசீகத்தின் பஹ்லவி எழுத்துகள் பொறித்த கற்சிலுவை ஒன்று இங்கே வழிபாட்டில் இருக்கிறது. நாங்கள் போன நேரம் பூசை நடந்துகொண்டிருந்தது. மாமி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கைகூப்பி நின்றுவிட்டு வந்தாள்.

வெளியே மதிலோரம் வாருங்கள். வடக்கே நகரம், கிழக்கே வானம் தெளிவாக இருந்தால் கடல், தென்மேற்கே விமான நிலையத்தின் ஓடுபாதை. தெற்கே பார்வையை ஓட்டுங்கள். அதோ, அந்தத் திசையில் பெரும்பாக்கம். 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேயர் இங்கிருந்து பெரும்பாக்கம் குன்று வரை ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏறக்குறைய ஏழரை மைல். அளவுகோல் எது தெரியுமா? 100 அடி நீளமுள்ள ஓர் இரும்புச் சங்கிலி! கிட்டத்தட்ட 400 முறை அதை எடுத்து எடுத்து வைக்க வேண்டும். வெயிலில் இரும்பு நீண்டால் கணக்குத் தப்பும் என்று சங்கிலிக்கு நிழல் வேறு கட்டினார்கள். நாம் குழந்தைக்குக் கூட அப்படிக் குடை பிடித்திருக்க மாட்டோம்.

அந்த ஒரு கோட்டின் மேல் முக்கோணம் முக்கோணமாக அடுக்கிக்கொண்டே போய், தேசம் முழுவதையும் அளந்தார்கள். அரை நூற்றாண்டுக்குப் பிறகு எவரெஸ்டுதான் உலகத்தின் உச்சி என்று கண்டதும் அதே அளவை வேலையின் பலன்தான். இமயமலையின் உயரத்துக்குக் கணக்குப்பிள்ளை நம் பரங்கிமலை!

"இத்தனை வருஷமாக ரயிலில் இதைத் தாண்டிப் போயிருக்கிறேன். ஒருத்தரும் சொல்லவில்லையே!" என்றாள் மாமி.

பாதி மலை

அங்கிருந்து ரயிலில் மூன்றாவது நிறுத்தம் திரிசூலம். விமானம் ஏறுகிறவர்கள் மேற்குப் பக்கம் போவார்கள். நாம் கிழக்கே திரும்பி நடக்க வேண்டும். நான்கு குன்றுகளுக்கு நடுவே திரிசூலநாதர் கோயில். நான்கு வேதங்களும் நான்கு மலைகளாக நிற்க, நடுவில் பிரம்மதேவன் பூசித்தான் என்பது தலபுராணம். முதற் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டுகள் இங்கே உண்டு. அவற்றில் இந்தத் தலத்தின் பெயர் திருச்சுரம். சுரம் என்றால் வறண்ட மலைவழி. பின்னாளில் வாய்க்கு வாய் மாறித் திரிசூலம் ஆகியிருக்கிறது. அம்பாள் திரிபுரசுந்தரி. காலை வெயில் பிராகாரத்தில் விழுகிற நேரத்தில் அந்த அமைதி, சற்றுத் தள்ளி விமானம் இரைகிறது என்பதையே மறக்க அடித்துவிடும்.

தரிசனம் முடிந்து வெளியே வந்து மலையைப் பார்த்தோம். மாமி முகம் சுளித்தாள். குன்றின் ஒரு பக்கம் செடியும் புல்லும்; மறு பக்கம் கத்தியால் வெட்டிய கேக் மாதிரி செங்குத்தாக நின்றது.

வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் எங்கள் பார்வையைக் கவனித்துவிட்டாள். "எங்க வீட்டுக்காரர் அங்கேதாம்மா வேலை பார்த்தார். வெடி வைப்பாங்க, கல்லு சரியும். அதை உடைச்சு ஜல்லி ஆக்கி லாரியில ஏத்துவாங்க. மலை எங்கேயும் போயிடலே. உங்க வீட்டுக் கூரையில இருக்கு, பாருங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டு முழம் மல்லிகையை அளந்து கொடுத்தாள்.

மாமி பதில் பேசவில்லை. நானும்தான். தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் பெருங்களத்தூரிலும் எத்தனை ஆயிரம் வீடுகள்! ஒவ்வொன்றின் அஸ்திவாரத்திலும் கூரையிலும் கருங்கல் ஜல்லி இருக்கிறது. அதற்கு ஏதோ ஒரு மலை கரைந்திருக்கிறது. வீடு வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்? ஆனால் எதைக் கொடுத்து எதை வாங்கினோம் என்று ஒரு தடவையாவது நேரில் வந்து பார்க்கலாம் அல்லவா?

அந்தக் கல் சாமானியமான கல்லும் அல்ல. கல்கத்தா நகருக்கு வித்திட்டவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னோக் என்ற கம்பெனி அதிகாரியின் கல்லறை, அங்கே புனித யோவான் ஆலயத்தில் இருக்கிறது. அதன் மேல் பதித்திருக்கும் கல் நம் பல்லாவரம், பரங்கிமலைக் கல்லின் இனம். தாமஸ் ஹாலண்ட் என்ற பூகர்ப்ப நிபுணர் 1893-ல் இதைக் கண்டு, அந்தக் கல்லறைக்காரரின் பெயரையே சூட்டி 'சார்னோக்கைட்' என்றார். உலகத்தில் எங்கே இந்த வகைக் கல் அகப்பட்டாலும் இன்று அந்தப் பெயர்தான். கிட்டத்தட்ட 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கு அடியில் வெந்து உருவான கல். பரங்கிமலையில் இருக்கும் இந்தப் பாறையைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னம் என்றே அரசாங்கம் அறிவித்திருக்கிறது.

ஒரு கல், ஒரு குகை

திரிசூலத்துக்கு அடுத்தது பல்லாவரம். 1863 மே 30-ஆம் தேதி, ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற பூகர்ப்ப ஆராய்ச்சியாளர் இங்கே மண்ணில் கிடந்த ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். அது யாரோ கையால் செதுக்கிய கல். ஆதி மனிதனின் ஆயுதம்! நம் நாட்டில் பழைய கற்காலம் என்று ஒன்று இருந்தது என்பதற்கு அதுவே முதல் சாட்சி. அவர் சேகரித்த பொருள்கள் பிறகு எழும்பூர் மியூசியத்துக்கு வந்து சேர்ந்தன. வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய சாமான் பேரம் பேசப் பல்லாவரம் போகிறோமே, அந்த ஊரிலேயே மிகப் பழைய சாமான் அதுதான்.

இங்கே ஒரு குன்றில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக் கோயில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். உள்ளே வரிசையாக ஐந்து அறைகள். அதனால்தான் ஜனங்கள் அதைப் பஞ்சபாண்டவர் குகை என்றார்கள். தூண்களில் மன்னனின் விருதுப் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. இன்று அது முஸ்லிம் அன்பர்கள் வழிபடும் தர்கா. போவதானால் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, அங்கே தொழுகிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் போங்கள். ஒரே பாறைக்குள் 1,400 ஆண்டுகளாக மனிதர்கள் தலை வணங்கி வந்திருக்கிறார்கள் என்பது எவ்வளவு பெரிய விஷயம்!

பகல் பன்னிரண்டுக்குள் வீடு திரும்பிவிட்டோம். புளியோதரையை வீட்டுத் திண்ணையில்தான் சாப்பிட்டோம். "பாக்கி குன்றுகள் அடுத்த ஞாயிறு" என்றாள் மாமி, காலில் தைலம் தேய்த்தபடி.

பள்ளம் தந்த தண்ணீர்

அடுத்த ஞாயிறு பிற்பகல் பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர் பஸ் ஏறினோம். வழியில் அனகாபுத்தூர். ஒரு காலத்தில் இங்கே நெய்த கட்டம் போட்ட துணிகள் கப்பலேறி நைஜீரியாவுக்குப் போயின. அந்த வியாபாரம் நின்ற பிறகும் தறியை விடாதவர்கள் சிலர், வாழைநாரிலும் மற்ற இயற்கை நார்களிலும் புடவை நெய்து பெயர் வாங்கியிருக்கிறார்கள். மாமி இறங்கிவிடப் பார்த்தாள். கோயில் நடை திறக்கும் நேரம் என்று சொல்லித் தடுத்தேன்.

குன்றத்தூர் முருகன் கோயிலுக்கு 84 படிகள். குழந்தைகள் எண்ணிக்கொண்டே ஏறிவிடலாம். வாகனம் போகவும் பாதை உண்டு. பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர் இது. இரண்டாம் குலோத்துங்க சோழனிடம் மந்திரியாக இருந்த அவர், கும்பகோணத்துத் திருநாகேசுவரத்தின் மேல் கொண்ட பக்தியால், அதே பெயரில் சொந்த ஊரில் ஒரு கோயில் எழுப்பினார். ராகு தோஷத்துக்குப் பரிகாரம் தேடி இன்றும் ஜனங்கள் அங்கே வருகிறார்கள். மந்திரி வேலை பார்க்கப் போன இடத்திலும் பிறந்த ஊரை மறக்காத மனிதர்!

குன்றத்தூரிலிருந்து மாங்காடு போகிற பக்கம் சிக்கராயபுரம் என்ற ஊர். அங்கேயும் கல் வெட்டினார்கள். வெட்டி முடித்துக் கைவிட்ட பள்ளங்களில் ஆண்டுக்கணக்காக மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. 2017-ல் சென்னை தாகத்தில் தவித்தபோது, அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்து குழாயில் விட்டார்கள். 2019 பஞ்சத்திலும் அதுவே கைகொடுத்தது. மலையைத் தின்றோம், தின்ற இடத்துப் பள்ளம் நமக்குத் தண்ணீர் வார்த்தது. இப்படி ஒரு தாயுள்ளத்தை எங்கே போய்ப் பார்ப்பது?

ஆனால் ஒரு ஜாக்கிரதை. கல்குவாரிக் குட்டைகள் பார்க்க நீலமாக, சாதுவாக இருக்கும். கரை ஓரத்திலேயே பனை ஆழம் போகும். குழந்தைகளை அருகில் விடாதீர்கள். வயசுப் பிள்ளைகளை நீந்த விடவே விடாதீர்கள்.

மாமி கண்ட ஆறு

கடைசியாகத் திருநீர்மலை. சூரியன் சாயும் முன் ஏறத் தொடங்கினோம். அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள் நின்ற திருக்கோலம். மலைமேல் நரசிம்மர் அமர்ந்திருக்கிறார், ரங்கநாதர் பள்ளி கொண்டிருக்கிறார், உலகளந்த பெருமாள் நடந்து அளக்கிறார். நின்றான், இருந்தான், கிடந்தான், நடந்தான் என நான்கு கோலமும் ஒரே தலத்தில். 108 திருப்பதிகளில் ஒன்று. திருமங்கையாழ்வார் தரிசிக்க வந்தபோது மலையைச் சுற்றி வெள்ளம் சூழ்ந்திருந்ததாம். நீர் வடியும் வரை ஆறு மாதம் காத்திருந்து சேவித்தார், அதனால்தான் நீர்மலை என்று பெயர் என்பார்கள்.

தரிசனம் முடிந்து படியில் உட்கார்ந்தோம். காற்று என்றால் அப்படி ஒரு காற்று! கிழக்கே விமானம் ஒன்று விளக்கேற்றிக்கொண்டு இறங்கியது. மேற்கே ஏரிகளும் வயல் மிச்சங்களும், வீடுகளும், வீடுகளும், வீடுகளும்.

"அது என்ன, பச்சையாகக் கோடு மாதிரி வளைந்து போகிறதே?" என்று மாமி கை நீட்டினாள்.

"அடையாறு, மாமி."

"அடையாறா? அது பட்டணத்திலே அல்லவா இருக்கு?"

பட்டணத்தில் முடிகிறது, தொடங்குவது நம் பக்கத்தில். ஆதனூர் ஏரி, மணிமங்கலம் ஏரி என்று தென்மேற்கே உள்ள ஏரிகளின் உபரி நீர் சேர்ந்து, வரதராஜபுரம், முடிச்சூர் வழியாக இந்தத் திருநீர்மலைக்கு வருகிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீர் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் வந்து கலக்கிறது. பிறகுதான் விமான நிலையம், சைதாப்பேட்டை, கடல்.

மாமி வெகுநேரம் பேசவில்லை. 2015 டிசம்பரில் முடிச்சூர்ப் பக்கம் வெள்ளத்தில் மூழ்கியது உங்களுக்கும் நினைவிருக்கும். மாமியின் வீட்டில் அன்று இடுப்பளவு தண்ணீர். பெண்ணின் கல்யாணப் புடவை, மாமனார் காலத்துப் போட்டோக்கள், அரிசி, பருப்பு எல்லாம் போயிற்று.

"செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்டதால்தான் எங்க வீட்டுக்குள்ளே வந்தது என்று இத்தனை வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். அந்தத் தண்ணி எங்களைத் தாண்டிக் கீழேதானே வந்து சேர்கிறது! அப்போ எங்க வீட்டுக்கு வந்தது இந்தப் பக்கத்து ஏரிகள் தண்ணியா?"

"ஆமாம் மாமி. ஏரிக்குப் பக்கத்தில் ஏரி, வாய்க்காலுக்குப் பக்கத்தில் வாய்க்கால் என்று முன்னோர்கள் தொடுத்து வைத்த மாலை அது. நடுவில் நூல் அறுந்தால் பூ எங்கே வேண்டுமானாலும் கொட்டும்."

"நாங்க மனை வாங்கினபோது புரோக்கர் கிழக்குப் பார்த்த வாசல் என்றார், பஸ் ஸ்டாப் பக்கம் என்றார். ஒரு தடவை என்னை இங்கே கூட்டிக்கொண்டு வந்து காட்டியிருந்தால் நானே சொல்லியிருப்பேனே, தண்ணி எந்த வழியாகப் போகும் என்று!" என்றாள் மாமி.

சகோதரிகளே, இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் உங்களை அழைத்து வந்தேன். கீழே நிற்கும்போது நமக்குத் தெரிவது நம் தெரு ஒன்றுதான். மேலே ஏறினால்தான் ஊர் தெரிகிறது. எந்த மலை நம் கூரையாயிற்று, எந்த ஏரி நம் கிணற்றை நிரப்புகிறது, எந்த வழியை மறித்து நாம் வீடு கட்டிக்கொண்டோம் என்பதெல்லாம் இரண்டு நாழிகைப் படியேற்றத்தில் புரிந்துவிடுகிறது. நாளைக்கு மனை வாங்கப் போகிற மகனையும் மருமகளையும் முதலில் பக்கத்துக் குன்றுக்கு அழைத்துப் போங்கள். பத்திரம் பார்ப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

போகிறவர்களுக்குச் சில யோசனைகள். கோயில் நடை நண்பகலில் சாத்தி மாலையில்தான் திறக்கும், அதற்கேற்பக் கிளம்புங்கள். மார்கழி, தை மாதங்கள் உத்தமம். சித்திரை, வைகாசியில் பாறை சுடும். குழந்தைகள் அடம் பிடித்தால் மூன்றாவது ஞாயிறு வண்டலூர் மிருகக்காட்சிசாலைக்கு ஒதுக்குங்கள். 1855-ல் சென்னையில் தொடங்கிய பழைய மிருகக்காட்சிசாலை 1985-ல் இங்கே காட்டுக்கு நடுவே குடியேறியது. 602 ஹெக்டேர்! செவ்வாய்க்கிழமை மட்டும் விடுமுறை.

இருட்டத் தொடங்கியதும் இறங்கினோம். நடுவழியில் மாமி நின்று, செல்போனை என் கையில் கொடுத்து, "என்னை மட்டும் எடுக்காதே. அந்த ஆறும் தெரியணும்" என்றாள். எடுத்தேன். அங்கேயே டப்ளினுக்கு அனுப்பினாள்.

நாங்கள் ஆட்டோ ஏறுவதற்குள் பதில் வந்துவிட்டது. "அம்மா, எந்த ஊர் இது? இவ்வளவு அழகாக இருக்கிறதே!"

மாமி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினாள்: "நம்ம ஊர்தாண்டி!"